நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வெளியே நிற்பவர்கள்

கேள்வி இது: அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தில், சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மரியாதை கிடைத்திருக்க வேண்டியும் இன்னும் கிடைக்காதவர்கள் யார்? ஜெயித்த பந்தயங்களை எண்ணிப் பார்த்தாலே விடை வந்துவிடாதா?

வராது. வெற்றிக் கணக்கில் முன்னால் நிற்கும் பழைய ஓட்டுநர்கள் ஏறக்குறைய எல்லோரும் உள்ளே போயாகிவிட்டது. வெளியே நிற்பவர்களில் எனக்கு முக்கியமாகப் படுகிறவர்கள் பெரும்பாலும் பட்டறையில் கிரீஸ் கையோடு கிடந்தவர்கள், அல்லது நிர்வாகத்தோடு முட்டிக்கொண்டவர்கள். சிலர் இரண்டும். முதல் பெயர் யார் என்று கேட்டால் ஸ்மோக்கி யூனிக் என்பேன். இரண்டாவது டிம் ரிச்மண்ட். மூன்றாவது இடத்துக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பந்தயம் அதிகம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகப் பின்னணி. ஷோரூமில் விற்கிற காரையே வேகம் கூட்டி ஓட்டுவதாகத் தொடங்கியது ஸ்டாக் கார் ரேஸ். அமெரிக்கத் தென் மாநிலங்களில் போலீஸிடம் பிடிபடாமல் கள்ளச்சாராயம் கடத்திய கார்களும் அவற்றை ஓட்டியவர்களும்தான் ஆரம்பகாலத்து நட்சத்திரங்களில் பலர். 1947 டிசம்பரில் பில் ஃபிரான்ஸ் என்பவர் ஃபுளோரிடாவின் டேட்டோனா பீச்சில் ஸ்ட்ரீம்லைன் ஓட்டலில் கூட்டம் போட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் நாஸ்கார். இன்றுவரை அது ஃபிரான்ஸ் குடும்பத்துச் சொத்து. ஹால் ஆஃப் ஃபேம் 2010-ல் வட கரோலினாவின் சார்லட் நகரில் திறந்தது. முதலில் ஆண்டுக்கு ஐந்து பேரைச் சேர்த்தார்கள். 2021 வகுப்பிலிருந்து (ஓர் ஆண்டில் சேர்க்கப்படுபவர்களை வகுப்பு என்பார்கள்) மூன்று பேர்தான்: நவீன காலத்தவர் இருவர், முன்னோடி ஒருவர். 2026 வகுப்பில் கர்ட் புஷ், ஹாரி கேன்ட், ரே ஹென்ட்ரிக் மூவரும் சேர்ந்தபின் மொத்தம் 70 பேர். நான் கீழே சொல்வதெல்லாம் அந்தப் பட்டியல் வரைக்குமான கணக்கு.

வெற்றி எண்ணிக்கையை நான் ஏன் முழுசாக நம்புவதில்லை என்றால், அந்தந்தக் காலத்துப் பந்தய நாட்காட்டி வேறு வேறு. 1964-ல் மட்டும் 62 பந்தயம் நடந்தது. அரை மைல் மண் டிராக்கில் வாரத்தின் நடுவிலெல்லாம் ஓட்டுவார்கள், பெரிய டீம்கள் எல்லாவற்றுக்கும் வந்துவிட மாட்டார்கள். 1972-ல் அதை 31 பந்தயமாகச் சுருக்கினார்கள். 25 பந்தயம் ஜெயித்த ஜிம் பாஸ்கல் இன்னும் வெளியே. 18 ஜெயித்த ஹாரி கேன்ட் உள்ளே. இதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கேன்ட் 1991 செப்டம்பரில், 51 வயதில், நாஸ்காரின் முதல்நிலைத் தொடரான கப் தொடரில் தொடர்ந்து நான்கு பந்தயம் ஜெயித்த மனிதர். ஆகவே நான் வைக்கிற கேள்வி வேறு: இந்த ஆள் இல்லாமல் இருந்திருந்தால் இந்த விளையாட்டு இப்படியே இருந்திருக்குமா?

ஸ்மோக்கி யூனிக்கை அந்தக் கேள்வியில் வைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டிவிட்டு வந்து டேட்டோனா பீச்சில் பட்டறை திறந்தார். ‘ஊரிலேயே இதைவிட நல்ல பட்டறை கிடையாது’ என்று கொஞ்சம் கெட்ட வார்த்தை கலந்து போர்டு மாட்டியிருந்தார். பழைய தொப்பியும் பைப்புமாகத்தான் எல்லாப் படத்திலும் இருப்பார். அவர் தயாரித்த ஹட்சன் ஹார்னெட்டுகளை ஓட்டித்தான் ஹெர்ப் தாமஸ் ஐம்பதுகளின் தொடக்கத்தில் எல்லோரையும் அடித்தார். 1961, 1962 இரண்டு ஆண்டும் நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேட்டோனா 500-ஐ ஜெயித்த பான்டியாக்குகள் அவருடையவை. முதலாவதை மார்வின் பேன்ச் ஓட்டினார், அடுத்ததை ஃபயர்பால் ராபர்ட்ஸ். 1967-ல் அவருடைய ஷெவெல்லை கர்டிஸ் டர்னர் மணிக்கு 180.831 மைல் வேகத்தில் ஓட்டி டேட்டோனா 500-க்கு முதலிடத்தில் நிறுத்தினார். அந்தப் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் 180-ஐத் தாண்டிய முதல் ஓட்டம் அது. தாமஸ் 2013-ல் உள்ளே போனார், ராபர்ட்ஸ் 2014-ல், டர்னர் 2016-ல். காரைச் செய்து கொடுத்தவர் மட்டும் வாசலில்.

அவர் மேல் உள்ள புகார் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: விதியை ஏமாற்றினார். பெட்ரோல் டாங்கின் கொள்ளளவுக்கு வரம்பு இருந்தது. டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய்க்கு இல்லை. அதனால் இரண்டு அங்குல விட்டத்தில் 11 அடி நீளக் குழாயை வளைத்து வளைத்து ஓட்டி, அதற்குள்ளேயே பெட்ரோலைக் கூடுதலாக நிரப்பினார் என்பார்கள். இன்னொரு கதை இதைவிடப் பிரபலம். சோதனை அதிகாரிகள் அவர் காரின் டாங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, திருத்த வேண்டிய ஒன்பது குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்களாம். அவர் வண்டியில் ஏறி, ‘பத்து என்று போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு, டாங்க் இல்லாத காரை ஓட்டிக்கொண்டே பட்டறைக்குப் போய்விட்டாராம். இது அப்படியே நடந்ததில்லை என்று அவரே பிற்பாடு மறுத்திருக்கிறார், ஆனாலும் கதை நிற்கவில்லை.

சரி, ஏமாற்றுக்காரரை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டால், ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களே! 1983 அக்டோபரில் சார்லட்டில் ரிச்சர்ட் பெட்டி ஜெயித்த காரில் எஞ்சின் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. இடப்பக்கத்து மென்மையான டயர்களை வலப்பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். 35,000 டாலர் அபராதம், 104 புள்ளி வெட்டு. வெற்றியை மட்டும் பிடுங்கவில்லை. அவருடைய 200 வெற்றிகளில் 198-ஆவதாக அது இன்றும் நிற்கிறது. பெட்டி 2010-ன் முதல் வகுப்பு. 2006 டேட்டோனா 500-க்கு முன் விதிமீறலுக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட க்ரூ சீஃப் (டீமின் தலைமை மெக்கானிக்) சாட் நாஸ் 2024-ல் சேர்ந்தார். கள்ளச்சாராய வழக்கில் சிறைக்குப் போன ஜூனியர் ஜான்சனும் முதல் வகுப்புதான். அவரைச் சேர்த்தது முழுக்கச் சரி என்பது என் கட்சி. ஆக, நடத்தைச் சான்றிதழ் கேட்கிற இடம் இல்லை இது.

உண்மையான சிக்கல் பில் ஃபிரான்ஸோடு இருந்த பகை. 1964 மே மாதம் சார்லட்டில் நடந்த வேர்ல்ட் 600-ல் ஃபயர்பால் ராபர்ட்ஸின் கார் மோதித் தீப்பற்றியது. நெட் ஜாரெட் ஓடிவந்து அவரை வெளியே இழுத்தார். தீக்காயங்களோடு ஐந்து வாரத்துக்கு மேல் போராடி ஜூலை 2 அன்று ராபர்ட்ஸ் இறந்தார். தன் நெருங்கிய நண்பரின் சாவுக்குப் பிறகு ஸ்மோக்கி பாதுகாப்பு விஷயத்தில் விடாமல் நச்சரித்தார். பழைய டயர்களை பிளைவுட் பலகைகளுக்கு நடுவே வைத்து மோதலைத் தாங்கும் சுவர் ஒன்றையும் அவர் அறுபதுகளிலேயே வடிவமைத்திருந்தார், நாஸ்கார் எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டதெல்லாம் தள்ளுபடியாகி, 1970-ல் வெளியேறினார். 2001 பிப்ரவரியில் டேட்டோனாவின் கான்கிரீட் சுவரில் மோதி நட்சத்திர ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். ஸ்மோக்கி அதே ஆண்டு மே மாதம் இறந்தார். மறு ஆண்டு இண்டியானாபொலிஸில் முதன்முதலாக மோதலை உள்வாங்கும் சேஃபர் சுவர் வந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் டீன் சிக்கிங்குக்கு 2025-ல் ஹால் ஆஃப் ஃபேம் சிறப்பு விருது கொடுத்தது, நியாயம். அதே யோசனையை நாற்பது வருஷம் முன்னாலேயே கொண்டுவந்தவருக்கு என்ன பதில்?

பகைதான் தடை என்று மொட்டையாகச் சொல்லிவிடவும் முடியாது. 1961-ல் ஓட்டுநர்களுக்குத் தொழிற்சங்கம் அமைக்கப் பார்த்த கர்டிஸ் டர்னரையும் டிம் ஃப்ளாக்கையும் ஃபிரான்ஸ் ஆயுள் முழுக்கத் தடை செய்தார். 1965-ல் தடை நீங்கியது. இரண்டு பேருமே இப்போது உள்ளே. சங்கம் வைக்கப் பார்த்தவர்களை மன்னிக்க முடிந்தது என்றால் பாதுகாப்பு கேட்டவரையும் மன்னிக்கலாம்.

அடுத்தது டிம் ரிச்மண்ட். இவர் கதை எனக்குக் கோபம் வரவைக்கிற கதை. ஒஹையோவின் வசதியான வீட்டுப் பையன், நீண்ட முடி, பட்டுச் சட்டை. தெற்கத்திக் கிராமத்து நாஸ்காருக்குக் கொஞ்சமும் பொருந்தாத தோற்றம். 1980 இண்டியானாபொலிஸ் 500-ல் புதுமுகமாக ஒன்பதாவது வந்தார். கடைசியில் பெட்ரோல் தீர்ந்து கார் டிராக்கிலேயே நின்றுவிட, பந்தயத்தை ஜெயித்த ஜானி ரதர்ஃபோர்டு அவரைத் தன் காரின் பக்கவாட்டில் உட்கார வைத்து, டீம்கள் காரைக் கவனிக்கும் பிட் பகுதிக்குக் கூட்டிவந்தார். கூட்டம் யாருக்குக் கைதட்டுகிறது என்றே தெரியாத காட்சி அது. அதே ஆண்டு நாஸ்காருக்கு வந்துவிட்டார்.

1986-ல் ரிக் ஹென்ட்ரிக்கின் டீமில் ஹாரி ஹைட் என்ற பழைய காலத்து, முன்கோபக்கார க்ரூ சீஃபோடு அவரைச் சேர்த்துவிட்டார்கள். ஆரம்பத்தில் இரண்டு பேருக்கும் ஆகவில்லை. ரிச்மண்ட் டயரைத் தேய்த்துத் தள்ளுகிற ஓட்டுநர். ஒரு சோதனை ஓட்டத்தில் ஹைட் அவரிடம் 50 சுற்று உன் இஷ்டப்படி ஓட்டு, அப்புறம் 50 சுற்று நான் சொல்கிறபடி ஓட்டு என்றாராம். ஹைட் சொன்னபடி ஓட்டிய 50-தான் சீக்கிரம் முடிந்தது. டயரும் மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு அந்த ஜோடியை நிறுத்த முடியவில்லை. அந்த ஆண்டு பட்டம் வென்ற எர்ன்ஹார்ட் ஜெயித்தது ஐந்து பந்தயம், ரிச்மண்ட் ஏழு.

ஆண்டு முடிவில் உடம்பு படுத்துவிட்டது. நிமோனியா என்று சொன்னார்கள், உண்மையில் எய்ட்ஸ். அன்றைய அமெரிக்காவில் அந்தப் பெயரை வெளியே சொல்ல முடியாத பயம். 1987-ன் முதல் சில மாதங்களை விட்டுவிட்டு, ஜூனில் போகோனோவுக்குத் திரும்பி வந்து ஜெயித்தார். அடுத்த பந்தயம் ரிவர்சைட், அதையும் ஜெயித்தார். 1988 தொடக்கத்தில் நாஸ்கார் போதைப்பொருள் சோதனை நடத்தி, தோற்றார் என்று அறிவித்துத் தடை போட்டது. சிக்கியவை மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் சளி மாத்திரையும் வலி மாத்திரையும். மறுசோதனையில் தேறினார், இருந்தும் மருத்துவ ஆவணங்களைக் கேட்டு இழுத்தார்கள். வழக்கு போட்டார், நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. திரும்ப ஓட்டவே இல்லை. 1989 ஆகஸ்ட் 13 அன்று இறந்தார், வயது 34.

மொத்தம் 13 கப் வெற்றி. எட்டு ஆண்டுதான் ஓட்டினார், போதாது என்பார்கள். ஆலன் குல்விக்கி ஐந்து பந்தயம் ஜெயித்தார், 1992-ல் பட்டம். மறு ஆண்டு விமான விபத்தில் போனார். டேவி ஆலிசன் 19 வெற்றி, பட்டம் இல்லை. அதே 1993-ல் ஹெலிகாப்டர் விபத்து. இருவரையும் 2019-ல் சேர்த்தார்கள். அரைகுறையாக நின்றுபோன வாழ்க்கைக்கு இவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தால் ரிச்மண்டுக்கும் அதே நியாயம்தான். 1998-ல் நாஸ்காரே வெளியிட்ட 50 மாபெரும் ஓட்டுநர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இடத்துக்கு மெக்கானிக்குகள் வரிசையில் நிற்கிறார்கள். ரெட் வோக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டாவில் பட்டறை வைத்து, சாராயக் கடத்தல் கார்களுக்கு எஞ்சின் முறுக்கேற்றிக் கொடுத்தவர். ஸ்ட்ரீம்லைன் ஓட்டல் கூட்டத்தில் நாஸ்கார் என்ற பெயரை யோசித்துச் சொன்னதே இவர்தான். 1949-ல் நடந்த முதல் ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக் பட்டம், அதாவது இன்றைய கப் பட்டத்தின் முதல் பதிப்பு, ரெட் பைரனுக்குப் போனது. போரில் காலில் அடிபட்டு, கால் தாங்கியை கிளட்ச் பெடலோடு பிணைத்து ஓட்டியவர் பைரன். கார் முதலாளி ரேமண்ட் பார்க்ஸ், மெக்கானிக் வோக்ட். முதலாளி 2017-ல் உள்ளே, ஓட்டுநர் 2018-ல் உள்ளே. விளையாட்டுக்குப் பெயர் வைத்தவருக்கு இடம் இல்லை.

பேஞ்சோ மேத்யூஸுக்கு ஒரு புள்ளிவிவரம் போதும். 1974 முதல் 1985 வரை நடந்த 362 கப் பந்தயங்களில் 262-ஐ ஜெயித்தவை அவர் பட்டறையில் கட்டிய கார்கள். 1978-ல் மொத்தம் 30 பந்தயம். முப்பதையும் அவர் கார்களே ஜெயித்தன. வெவ்வேறு டீம், வெவ்வேறு ஓட்டுநர், ஆனால் அடிச்சட்டம் ஒரே இடத்திலிருந்து வந்தது. ஓட்டுநராகவும் இருந்தார், கப் பந்தயம் ஒன்றுகூட ஜெயித்ததில்லை.

மேலே சொன்ன ஹாரி ஹைட்டும் இன்னும் சேரவில்லை. பாபி ஐசக்கின் 1970 பட்டம் அவர் கைவேலை. 1984-ல் ஹென்ட்ரிக் கடையை மூடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மார்ட்டின்ஸ்வில்லில் ஜெஃப் போடைன் ஜெயித்த கார் ஹைட்டுடையது. அந்த வெற்றி இல்லையென்றால் ஜெஃப் கார்டன், ஜிம்மி ஜான்சன் எல்லோரும் ஓட்டிய அந்த டீமே இருந்திருக்காது. ஜேக் எல்டரும் உண்டு. ஒரு டீமில் நிலையாக இருக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாறிக்கொண்டே இருந்ததால் ‘சூட்கேஸ்’ ஜேக் என்று பெயர். 1979-ல் பிரிஸ்டலில் எர்ன்ஹார்ட் தன் முதல் கப் பந்தயத்தை ஜெயித்தபோது க்ரூ சீஃப் அவர்தான். இந்த நால்வரில் ஒருவர் மட்டும் என்றால் நான் வோக்ட்டைச் சொல்வேன். மேத்யூஸும் எல்டரும் முன்னோடிகள் பட்டியலிலும் ஹைட் நவீனப் பட்டியலிலும் வேட்பாளர்களாக இருக்கிறார்கள்; இன்றோ நாளையோ உள்ளே போய்விடுவார்கள். வோக்ட்டை ஆளாளுக்கு மறந்துகொண்டிருக்கிறார்கள்.

ஜேனட் கத்ரி விஷயத்தில் என் கருத்தோடு பலர் ஒத்துப்போக மாட்டார்கள். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து, விமானத் துறையில் எஞ்சினியராக வேலை பார்த்தவர். 1976 வேர்ல்ட் 600-ல் ஓட்டி 15-ஆவது வந்தார். 1977-ல் டேட்டோனா 500 ஓட்டிய முதல் பெண் ஆனார்; கடைசிச் சுற்றுகளில் இரண்டு சிலிண்டர் அடங்கியும் 12-ஆவது. அதே ஆண்டு பிரிஸ்டலில் ஆறாவது. பவர் ஸ்டியரிங் இல்லாத கனமான காரை அரை மைல் சாய்தளக் கிண்ணத்தில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெண்ணுக்குக் கையில் வலு இருக்காது என்று பேசியவர்களுக்கு அந்த ஆறாவது இடம் நல்ல பதில். பண வசதியுள்ள டீம் ஒன்றுகூட அவருக்கு வாய்க்கவில்லை. 33 பந்தயத்தோடு முடிந்துபோனது.

2024-ல் அவருக்கு லேண்ட்மார்க் விருது கொடுத்தார்கள். அது விளையாட்டுக்குப் பங்களித்தவர்களுக்கான தனி மரியாதை; 70 பேர் பட்டியலில் சேராது, ஆனால் விருது பெற்றவரைப் பிறகு சேர்க்கத் தடையும் இல்லை. அந்த 70-ல் பெண் ஒருவர்கூட இல்லை. ஒரு வெற்றிகூட இல்லாதவரைச் சேர்ப்பதா என்றால், வெண்டெல் ஸ்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 495 பந்தயம், ஒரே வெற்றி. அதுவும் 1963 டிசம்பரில் ஜாக்சன்வில்லில் அவர் எல்லோரையும் முந்திப்போயிருந்தும் கொடியை பக் பேக்கருக்குக் காட்டி, கூட்டம் கலைந்த பிறகு கறுப்பின ஓட்டுநரான ஸ்காட்தான் வென்றார் என்று ஒத்துக்கொண்டார்கள். 2015-ல் அவரைச் சேர்த்தபோது யாரும் ஒன்று என்ற எண்ணைப் பார்க்கவில்லை. கத்ரிக்கும் அந்தப் பார்வையே பொருந்தும்.

சிறிய தொடர்களில் ஓட்டியவர்களுக்கு ஓரளவு நியாயம் நடக்கிறது: ரிச்சி எவன்ஸ், ஜாக் இங்க்ரம், மைக் ஸ்டெஃபானிக் எல்லோரும் உள்ளே. மிச்சம் இருப்பவர்களில் லாரி ஃபிலிப்ஸ் வார நாஸ்கார் தொடரில் ஐந்து முறை தேசியச் சாம்பியன், மிசூரிக்காரர். சாம் ஆர்ட் இரண்டாம் நிலைத் தொடரில் 92 பந்தயத்தில் 22 வெற்றி, 1983, 1984 இரண்டு பட்டமும் அவருக்கு. 1984-ல் ராக்கிங்ஹாமில் அடிபட்டதோடு சரி. இருவருக்கும் என் ஓட்டு உண்டு, முன்னே சொன்னவர்களுக்கு அப்புறம்.

ரசிகர்களிடம் விட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். இப்போது ரசிகர் வாக்கு மொத்தத்தையும் ஒரே ஓட்டாகத்தான் எண்ணுகிறார்கள், மிச்சம் குழுவின் கையில். எனக்கு அதில் குறையில்லை. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்கார் டிரக் தொடரில் மார்ட்டின்ஸ்வில்லில் இறங்கி, ஒரு சில பந்தயமே ஓட்டி, ஆண்டு முடிவில் ரசிகர் வாக்கில் அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதை வாங்கிவிட்டார். இந்தியாவிலிருந்து உட்கார்ந்து ஓட்டுக் குத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அந்த வழி சரிப்படாது.

இப்போதைய அவசரம் என்னவென்றால், ஆண்டுக்கு மூன்றே இடம். 60 வெற்றியும் 2014 பட்டமும் வைத்திருக்கும் கெவின் ஹார்விக் போன்றவர்கள் ஓய்வு பெற்று வரிசைக்கு வந்துவிட்டார்கள். நவீனப் பட்டியலின் இரண்டு இடத்தையும் அவர்களே ஒவ்வோர் ஆண்டும் எடுத்துக்கொள்வார்கள். தவறில்லை, தகுதி உள்ளவர்கள். ஆனால் ரிச்மண்டும் ஹைட்டும் அவர்களோடு மோத வேண்டியிருக்கிறது. முன்னோடிகளுக்கு ஓர் இடம்தான், அதில் ஸ்மோக்கி, வோக்ட், மேத்யூஸ், எல்டர் நான்கு பேரும் முட்ட வேண்டும். முன்னோடிகளுக்கு மட்டும் சில ஆண்டுகளுக்கு இரண்டு இடம் ஒதுக்கினால் இந்தப் பாக்கி தீர்ந்துவிடும். முதல் ஆண்டு ஸ்மோக்கியும் வோக்ட்டும், அடுத்த ஆண்டு மேத்யூஸும் எல்டரும்.